ஓமராமாவில் ஐந்து கோடைகள்: கிளைடருக்குள் குளிரும் பாதங்களும்

நியூசிலாந்தின் தென்தீவில், ஓமராமாவில் கிளைடர் என்னும் எஞ்சின் இல்லாத விமானத்தை ஓட்டத் தொடங்கி இது ஐந்தாவது கோடை. தென் ஆல்ப்ஸ் மலைகளைத் தாண்டி வரும் வடமேற்குக் காற்று இப்புறம் அலையலையாக எழும். அந்த அலையைப் பிடித்தால் 6,000 மீட்டருக்கு மேலும் ஏறலாம். அங்கே வெளியே மைனஸ் 24 டிகிரி சாதாரணம். எஞ்சினே இல்லாததால் அதன் வெப்பமும் இல்லை. கண்ணாடி மூடி வழியே வெயில் தலையையும் மார்பையும் காய்ச்சும். பாதங்களோ மூக்குப் பகுதியின் இருட்டில், வால் சுக்கானைத் திருப்பும் ரடர் பெடல்களின் மேல் கிடக்கும்.

முதல் கோடையில் இரண்டு ஜோடி தடித்த காலுறை போட்டு, மேலே பூட்ஸை இறுக்கிக் கட்டியிருந்தேன். இரண்டு மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின. கிளைடர் நேராகப் பறக்கிறதா என்று காட்ட, கண்ணாடி மூடியின் மேல் ஒட்டியிருக்கும் சிவப்பு நூல் ஓரமாகச் சாய்ந்தே கிடந்தது. பெடலை மிதிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கால் மிதிக்கவே இல்லை. இறங்கிக் காலுறையைக் கழற்றினால் ஒரே ஈரம். தரையில் 30 டிகிரி வெயிலில் இழுவை விமானத்துக்காகக் காத்திருந்தபோது வேர்த்த வேர்வை அது.

எது வாங்குவதற்கும் முன்னால் இதைச் சரிசெய்ய வேண்டும். இப்போது கிளம்பும் நேரம்வரை செருப்போடுதான் நிற்கிறேன். இருக்கையில் ஏறுவதற்குச் சற்று முன் பாதங்களைத் துடைத்து, ஒரே ஒரு ஜோடி மெரினோ கம்பளிக் காலுறை. ஒரு அளவு பெரிய பூட்ஸ். விரல்கள் உள்ளே அசைய வேண்டும். அதேசமயம் பூட்ஸ் பெடலில் சிக்கவும் கூடாது. இதைத் தரையிலேயே மிதித்துப் பார்த்துவிடுகிறேன்.

இரும்புத்தூள் அடைத்த சூட்டுப் பைகள் எனக்கு உதவவில்லை. இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்தால்தான் அவை சூடாகும். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் பாதியாகிவிடும். பூட்ஸுக்குள்ளோ காற்று புகவே வழியில்லை. மேலே வெதுவெதுப்போடு நின்றவை, கீழே இறங்கி பூட்ஸைக் கழற்றிய பிறகு சுடச்சுடக் காய்ந்தன!

மூன்றாவது கோடையில் வாங்கிய, பூட்ஸுக்குள் பாதத்தின் அடியில் வைக்கும் மின்சூட்டு இன்சோல்தான் நிலைத்தது. கணுக்காலில் கட்டும் பேட்டரி குளிரில் சீக்கிரம் தளர்ந்துவிட்டது. நீண்ட வயரோடு வரும் வகைக்கு மாறி, பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடல்சூட்டில் வைத்தேன். நான்கு மணி நேரம் தாங்குகிறது. கால் குளிர்வதற்கு முன்பே, ஏறும்போதே குறைந்த சூட்டில் போட்டுவிட வேண்டும். மரத்த பிறகு போட்டால் பயன் மிகக் குறைவு. அதைவிட ஆபத்து, மரத்த தோலுக்குச் சுடுவதும் தெரியாது. இன்சோல் வாங்கிய இரண்டாவது ஆண்டில் விரல் மடியும் இடத்தில் ஒரு பக்கத்து வயர் அறுந்தது. அதன்பின் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கையை வைத்துச் சூட்டைப் பார்க்கிறேன்.

இன்னும் தீராதது குதிகால். கிளைடரின் கண்ணாடியிழை உடலில் அது படும் இடத்திலிருந்து குளிர் ஏறுகிறது. பெடலுக்குப் பின்னே அரை அங்குல நுரைப்பாய் விரித்த பிறகு பாதி குறைந்தது. வரும் கோடையில் ஆட்டுத்தோல் ஒட்டிப் பார்க்கப்போகிறேன்.