ஓப்பன் டபிள்யூஆர்டி: வீட்டு ரவுட்டரை முழுதாகத் திறந்துவிடும் ஃபர்ம்வேர்

வீட்டு பிராட்பேண்ட் ரவுட்டர்களில் ‘அட்வான்ஸ்டு’ என்று ஒரு மெனு இருக்கும். உள்ளே போனால் க்யூஓஎஸ்ஸுக்கு (எந்த ட்ராஃபிக்குக்கு முன்னுரிமை என்பதற்கு) ஓர் ஆன்-ஆஃப் பட்டன், வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுச் சாதனத்துக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங்குக்கு ஒரு சின்ன அட்டவணை, அதோடு சரி. பட்டனைப் போட்டால் உள்ளே என்ன மாறுகிறது என்பது கடைசிவரை தெரியாது. ஓப்பன் டபிள்யூஆர்டி அந்த மூடியைக் கழற்றிவிடுகிறது. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரல் வெளிவந்ததை அடுத்து 2004இல் தொடங்கிய இலவச லினக்ஸ் ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டரை இயக்கும் உள்மென்பொருள், இது. நிறுவுவதில் சிரமம் உண்டு. அந்தச் சிரமத்துக்கு, இணைப்பில் நெரிசலைச் சமாளிக்கும் எஸ்க்யூஎம் என்ற ஒரே வசதியே ஈடு கட்டிவிடும் என்பது என் கணிப்பு.

முதலில் ரவுட்டர் இதற்குத் தோதானதா என்று பார்க்க வேண்டும். 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ராம் உள்ள பழைய பெட்டிகளுக்குப் புதிய வெளியீடுகள் கிடையாது. 8-க்கு 64 இருந்தால் ஓடும், ஆனால் கூடுதல் பேக்கேஜ் போட இடமிருக்காது. 16 எம்பி ஃப்ளாஷும் 128 எம்பி ராமும் இருந்தால்தான் நிம்மதி. மாடல் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஒரே பெயரில் வி1, வி2, வி3 என்று வரும் ரவுட்டர்களில் சிப்பே வேறாக இருக்கலாம். அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள பதிப்பு எண்ணைப் பார்த்துத்தான் கோப்பை இறக்க வேண்டும். பிராட்காம் வைஃபை சிப் உள்ளவற்றை வயர்லெஸ்ஸுக்காக வாங்கவே வேண்டாம், திறந்த டிரைவர் ஆதரவு அவற்றுக்கு மிகவும் குறைவு.

கோப்பு இரண்டு வகை. கம்பெனி ஃபர்ம்வேரிலிருந்து மாறும்போது ‘ஃபேக்டரி’, ஏற்கெனவே இதில் இருப்பவர் புதுப்பிக்கும்போது ‘சிஸ்அப்கிரேடு’. நிறுவுவது எப்போதும் லேன் கேபிள் வழியாகத்தான். முடிந்ததும் வைஃபை சிக்னலே வரவில்லை என்று பலர் பதறுவார்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் வைஃபை அணைந்த நிலையில்தான் தொடங்கும். ‘ரூட்’ கணக்குக்குப் பாஸ்வேர்டும் இருக்காது. கேபிளைச் செருகி 192.168.1.1க்குப் போய் முதலில் பாஸ்வேர்டு, பிறகு வைஃபையில் நாட்டுக் குறியீடு, அதன் பின்பே மற்றவை. நாட்டுக் குறியீட்டைத் தவறாக வைத்தால் சேனல்களும் சிக்னல் வலிமையும் அந்த இடத்தின் விதிக்குப் பொருந்தாது.

இணைப்பைப் பிடிக்கும் இடத்தில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய ஃபர்ம்வேரை அழிக்கும் முன் பிபிபிஓஇ (இணைய நிறுவனத்தில் லாகின் செய்யும் முறை) பயனர்பெயர், பாஸ்வேர்டு, விலான் (ஒரே கேபிளில் தனி நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் குறி) எண் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். விலான் எண் இருந்தால், இணையம் வந்து சேரும் வேன் போர்ட்டின் மேல் அந்த எண்ணோடு ஒரு விலான் டிவைஸ் உருவாக்கி, அதன் மேல்தான் பிபிபிஓஇயை ஏற்ற வேண்டும். வெறும் போர்ட்டில் ஏற்றினால் எதிர்முனையிலிருந்து பதிலே வராது. இன்னொரு சிக்கல்: முன்னால் உள்ள மோடமும் 192.168.1.1இலேயே இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே சப்நெட் ஆகி, ட்ராஃபிக் எங்கும் போகாது. லேன் முகவரியை 192.168.10.1 என்பதுபோல மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஆனால் மாற்றியதும், உலாவியில் திறக்கும் ‘லூசி’ இடைமுகம் 90 விநாடி காத்திருக்கும். அதற்குள் உலாவி வந்து சேரவில்லை என்றால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். அருமையான பாதுகாப்பு இது. எனினும் முகவரி மாற்றத்தின்போது மட்டும், திரும்பாமல் அப்படியே வைக்கச் சொல்லும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்து, கேபிளைக் கழற்றி மாட்டிப் புது முகவரி வாங்க வேண்டும்.

சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நின்றுவிடுகின்றன என்றால் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, சந்தேகிக்கலாம். பிபிபிஓஇ 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் 1500 என்பது 1492 ஆகிவிடும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1464 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புக்கான 28 பைட்டையும் சேர்த்தால் 1492. அது போய் 1465 போகவில்லை என்றால் கணக்கு சரி. ஃபயர்வாலின் வேன் ஸோனில், பாக்கெட் அளவை இதற்கேற்பக் குறைக்கும் எம்எஸ்எஸ் க்ளாம்பிங் இயல்பாகவே ஆனில் இருக்கும், அதை அணைக்காதீர்கள்.

இனி எஸ்க்யூஎம். ஒருவர் போனிலிருந்து வீடியோ ஏற்றத் தொடங்கியதும் இன்னொருவரின் அழைப்பு துண்டுதுண்டாவதற்கு வேகக் குறைவு காரணமல்ல. மோடத்துக்குள் பாக்கெட்டுகள் நீண்ட வரிசையில் தேங்குவதே காரணம். ரவுட்டரில் வேகத்தைச் சற்றுக் குறைத்து வைத்தால் வரிசை ரவுட்டருக்குள் வந்துவிடும். அங்கே ‘கேக்’ அல்காரிதம் தேங்கவிடாமல் பகிர்ந்து அனுப்பும். எஸ்க்யூஎம் அணைந்த நிலையில் கேபிள் வழியாக வெவ்வேறு நேரங்களில் வேகத்தை அளந்து, குறைவாக வந்த எண்ணில் 90 சதவீதத்தை எழுத வேண்டும். அலகு கிலோபிட். 100 மெகாபிட் லைனுக்கு 90000. வெறும் 90 என்று போட்டால் நெட் செத்த மாதிரி கிடக்கும். 0 என்றால் அந்தத் திசையில் கட்டுப்பாடே இல்லை. இடைமுகம் வேன் பக்கத்தினுடையதாக இருக்க வேண்டும். லேன் பிரிட்ஜைத் தேர்ந்தெடுத்தால் ஏற்றமும் இறக்கமும் தலைகீழாகிவிடும். ஓவர்ஹெட் (ஒவ்வொரு பாக்கெட்டிலும் தலைப்புகள் பிடிக்கும் கூடுதல் பைட்) தெரியாவிட்டால் 44 போடலாம். கூடுதலாகப் போட்டால் துளி வேகம்தான் போகும், குறைவாகப் போட்டால் வரிசை மறுபடி மோடத்துக்கே ஓடிவிடும்.

இதற்கு விலை சிபியு. எல்லா பாக்கெட்டும் சிபியு வழியாகவே போவதால், பழைய ஒற்றைக் கோர் ரவுட்டரில் கிகாபிட் இணைப்பை வைத்துக்கொண்டு எஸ்க்யூஎம் ஆன் செய்தால் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சிபியுவுக்குப் பதில் தனி வன்பொருளே பாக்கெட்டுகளை அனுப்பும் ஹார்டுவேர் ஃப்ளோ ஆஃப்லோடிங் ஆனில் இருந்தால் பாக்கெட்டுகள் எஸ்க்யூஎம்மைத் தொடாமலேயே தாண்டிப் போகும். இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வதில் பொருளில்லை.

விருந்தினர் வைஃபைக்கு ஒரே பட்டன் கிடையாது, இது உண்மையான குறைதான். தனி இடைமுகம், தனி டிஹெச்சிபி (ஐபி முகவரி வழங்குவது), தனி ஃபயர்வால் ஸோன் என மூன்றையும் கையால் செய்ய வேண்டும். ஸோனின் ‘இன்புட்’டை மறுத்த பிறகு 67 (டிஹெச்சிபி), 53 (தளப் பெயர்களைத் தேடும் டிஎன்எஸ்) போர்ட்டுகளுக்கு அனுமதி தர மறந்தால், போன் ஐபி முகவரியோ தளங்களின் முகவரியோ கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

போர்ட் ஃபார்வர்டிங்குக்காக மட்டும் மாற நினைப்பவர்கள் முதலில் வேன் முகவரியைப் பார்த்துக்கொள்ளட்டும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் இணைப்பு சிஜிநாட்டுக்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிரும் முறைக்கு) பின்னால் இருக்கிறது. எந்த ஃபர்ம்வேர் போட்டாலும் வெளியிலிருந்து கதவு திறக்காது. பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும், அல்லது ஐபிவி6 இருந்தால் குறிப்பிட்ட சாதனத்துக்கு மட்டும் ட்ராஃபிக் விதி எழுதலாம்.

வைஃபை வேகத்தில் சில சிப்களுக்குக் கம்பெனி ஃபர்ம்வேரே முந்தும், அவர்களின் மூடிய டிரைவர்தான் காரணம். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான டிஎஃப்எஸ் சேனலை (ரேடாரோடு பகிரப்படும் சேனலை) வைத்தால் ரேடாரைத் தேடிக் குறைந்தது ஒரு நிமிடம் காத்த பிறகே சிக்னல் வரும். பழுதென்று நினைத்து ரீஸ்டார்ட் செய்தால் அந்தக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

புதுப்பிக்கும்போது செட்டிங்ஸ் தங்கும், தனியாகப் போட்ட பேக்கேஜ்கள் போய்விடும். எஸ்க்யூஎம்மும் அப்படிப் போட்டதுதான். ‘அட்டெண்டட் சிஸ்அப்கிரேடு’ வழியாகப் போனால் அவற்றையும் சேர்த்தே புதிய கோப்பு தயாராகிவிடும். எல்லாம் கெட்டுப்போய் உள்ளே நுழையவே முடியவில்லை என்றால் ஃபெயில்சேஃப் என்ற மீட்பு நிலை இருக்கிறது: கணினிக்கு 192.168.1.2 என்று நிலையான முகவரி கொடுத்து, ரவுட்டரை ஆன் செய்து, விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் ரீசெட் பட்டனை அழுத்துங்கள். விளக்கின் சிமிட்டல் இன்னும் வேகமானால் ரவுட்டர் ஃபெயில்சேஃபில் நிற்கிறது; 192.168.1.1க்கு எஸ்எஸ்ஹெச் (கட்டளைவரி இணைப்பு) வழியாக உள்ளே போகலாம்.