பாண்டியில் ‘எடிட்டிங், ஒளிப்பதிவு டிப்ளமோ’: பணம் கட்டும் முன் கம்ப்யூட்டரை எண்ணுங்கள்

புதுச்சேரியில் ஒரு பயிற்சி மையம். பெயரைப் போடவில்லை. போட்டால் அடுத்த மாதமே வேறு போர்டு மாட்டிக்கொண்டு அதே கடையை நடத்துவார்கள். கடலூர், பண்ருட்டி, நெய்வேலியிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். 6 மாதப் படிப்பு, 85,000 ரூபாய். நோட்டீஸில் ‘100 சதவீத வேலை’, ‘பெப்சி கார்டு’ (திரைப்படத் தொழிலாளர் சம்மேளன உறுப்பினர் அட்டை), ‘அரசு அங்கீகாரச் சான்றிதழ்’ என்று மூன்று வாக்குறுதி. மூன்றும் காற்றில் போய்விட்டன.

ஒரு பேட்ச்சில் 24 பேர். எடிட்டிங் மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டர் 3. வகுப்பு நாளுக்கு 2 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 15 நிமிடம். 120 வகுப்பு நாள் என்று தாராளமாக வைத்தாலும் 6 மாதத்தில் ஒருவர் கைக்கு மவுஸ் வருவது 30 மணி நேரம்தான். மணிக்கு 2,800 ரூபாய்க்கு மேல் ஆகிறது! ‘சார் ஷூட்டிங் போயிருக்கார்’ என்று திருப்பி அனுப்பிய நாட்களை இதில் கழிக்கவில்லை.

அந்த நேரத்திலும் சொல்லிக்கொடுத்தது டெம்ப்ளேட் டைட்டில், டிரான்சிஷன், ரீல்ஸுக்குப் பாட்டு ஒட்டுவது. சாலிகிராமத்திலோ வடபழனியிலோ ஒரு எடிட் சூட்டில் உதவி எடிட்டராகச் சேர்கிறவருக்கு முதல் நாள் தரும் வேலை இதெல்லாம் இல்லை. கேமரா கார்டில் இருப்பதை இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, செக்சம் (நகல் அசலோடு ஒன்றா என்று சரிபார்க்கும் எண்) பொருந்துகிறதா பார்த்த பிறகே கார்டை அழிக்க விட வேண்டும். 4கே புரோரெஸ் 422 ஹெச்க்யூ என்ற உயர்தர வீடியோ வடிவம், வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு மணி நேரப் பதிவுக்கு சுமார் 330 ஜிபி. டிஸ்க்கில் இடம் போதாமல் பாதியில் நின்ற நகலை முழுசு என்று நம்பிக் கார்டை ஃபார்மட் செய்தால் ஒரு நாள் படப்பிடிப்பே போச்சு. பிறகு புராக்ஸி (எடிட் செய்ய எளிதான சின்ன நகல்) போடுவது, கிளாப் சத்தத்தை வைத்துப் படத்தையும் ஒலியையும் சிங்க் செய்வது, சீன் நம்பர், ஷாட் நம்பர், டேக் வாரியாக ‘பின்’ எனப்படும் ஃபோல்டர்களில் பிரிப்பது. எடிட் முடிந்ததும் அதன் வரிசைக் குறிப்பை ஒலி வேலைக்கு ஏஏஎஃப் கோப்பாகவும், டிஐ எனப்படும் நிறத் திருத்த வேலைக்கு எக்ஸ்எம்எல் கோப்பாகவும் எடுத்துக் கொடுப்பது. இந்தச் சொற்களையே கேள்விப்படாமல் ‘டிப்ளமோ’ வாங்கிய பையனை, எந்த எடிட்டரும் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொரு கோளாறு ஃபிரேம் ரேட். பிள்ளைகள் எல்லாப் பயிற்சியையும் மொபைலில் 30 ஃபிரேமில் எடுத்தார்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 ஃபிரேம், ஷட்டர் 1/60 என்று வைத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃபிரேம், 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். டிவிக்கு 25, சினிமாவுக்கு 24. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் முதல் கிளிப் உள்ளே வந்துவிட்டால் புராஜெக்ட் ஃபிரேம் ரேட்டை மாற்ற விடாது. இதைச் சொல்லித்தராததால், ஃபிரேம் ரேட் பொருந்தாமல் கடைசி மாதக் குறும்படங்கள் எல்லாம் தத்தித் தத்தி ஓடின. சொல்லித்தரக் கால் மணி நேரம் போதும்.

‘இன்டர்ன்ஷிப்’ என்று அனுப்பியது ஒரு சீரியல் ஷூட்டிங்கில் கல்யாணக் கூட்டத்தில் நிற்க. கூட்டத்தில் நிற்கிற ஆளுக்கே சம்பளம் உண்டு. இவர்களுக்கு டிபன் பொட்டலம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் கண்மூடிய ஊர் இது. சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட அந்தக் கால பாய்ஸ் கம்பெனியில்கூட சோறு போட்டுத்தான் பாடம் சொன்னார்கள்.

பெப்சி கார்டு விஷயம் சுத்தப் பொய். உறுப்பினர் அட்டை தருவது எடிட்டர், ஒளிப்பதிவாளர் என்று அந்தந்தத் தொழிலுக்குரிய சங்கம். அதற்குத் தனி விதி, தனிக் கட்டணம். பயிற்சி மையம் வாங்கித் தர முடியாது. நடிப்புப் பிரிவில் ‘ஆடிஷன் போர்ட்ஃபோலியோ’ என்று 15,000 தனியாகக் கறந்திருக்கிறார்கள். நடிகரைத் தேடுகிற கம்பெனி நடிகரிடம் காசு கேட்காது. ‘அரசு அங்கீகாரம்’ என்றால் எந்தத் தகுதி, என்ன குறியீட்டு எண் என்று கேட்டு ஸ்கில் இந்தியா தளத்தில் தேடிப் பாருங்கள். எம்எஸ்எம்இ பதிவுச் சான்றைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பார்கள். அது கடைக்கான பதிவு, படிப்புக்கான அங்கீகாரம் இல்லை.

விசாரிக்கப் போகும்போது ஷோரீல் (மாதிரி வீடியோ) கேட்காதீர்கள், அதை யாரோ எடுத்திருப்பார்கள். பழைய மாணவர் ஒருவரின் புராஜெக்ட் ஃபைலைத் திறந்து டைம்லைனைக் காட்டச் சொல்லுங்கள். அடுக்கடுக்காக ஆடியோ டிராக்கும் பெயர் வைத்த ஃபோல்டர்களும் இருந்தால் வேலை நடந்திருக்கிறது. ‘ஹார்ட் டிஸ்க் சென்னையில இருக்கு’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மென்பொருள் கிராக் செய்ததா என்றும் பாருங்கள். ரிசால்வின் இலவசப் பதிப்பே படிக்கிறவருக்குத் தாராளம், அதற்குக் காசு கேட்கிற ஆளை நம்ப வேண்டாம். தரமணி எம்ஜிஆர் அரசு திரைப்பட நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 4 ஆண்டுப் பட்டப் படிப்பு இருக்கிறது. டிகிரி முடித்தவர்களுக்குக் காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் மின்னணு ஊடகத் துறை இருக்கிறது. 6 மாதக் கடைக்குப் போகும் முன் அந்த இரண்டு இடத்திலும் விசாரித்துவிடுங்கள்.

பணம் கட்டியே ஆக வேண்டுமென்றால் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குக் கட்டுங்கள், ஆள் பெயரில் உள்ள ஜிபேவுக்கு வேண்டாம். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். புதுச்சேரிப் பதிவு 34 என்று தொடங்கும், தமிழ்நாடு என்றால் 33. எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் உண்மைப் பெயர் வரும். இந்த மையத்தின் பில்லில் இருந்த எண் ஒரு துணிக்கடையுடையது. ‘மாதத் தவணை’ என்று கையெழுத்து வாங்குவது பெரும்பாலும் அப்பா பெயரில் ஒரு நிதி நிறுவனக் கடன். பையன் படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. ஆன்லைன் கடனை அபராதமில்லாமல் ரத்து செய்ய ஒரு நாளாவது அவகாசம் தர வேண்டும், அன்றைக்கே யோசித்துவிடுங்கள். பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். இங்கே ஐந்து பேருடையது இன்னும் மேனேஜர் மேஜை டிராயரில் கிடக்கிறது.

ஏற்கனவே மாட்டியவர்கள் நோட்டீஸ், வாட்ஸ்அப் வாக்குறுதி, யுபிஐ ரசீது எல்லாவற்றையும் தேதி வாரியாக எடுத்து வையுங்கள். 15 நாள் கெடு வைத்து, போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். அடுத்தது நுகர்வோர் ஆணையம். மையம் புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர்க்காரர் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், 2019 சட்டம் அதற்கு இடம் தருகிறது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். மனுப் போடக் கெடு 2 ஆண்டு.