அந்த நாற்காலிக்கு எங்கிருந்து வந்தார்கள்? தனியார் விண்வெளி நிறுவனத் தலைமைகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

சேலத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் கற்பித்து வருகிறேன். ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்களில் நான்கைந்து பேராவது விண்வெளித் துறைக்குப் போக வேண்டும் என்று வந்து நிற்பார்கள். 2023 ஜூலையில் சந்திரயான்-3ஐச் சுமந்து எழுந்த எல்.வி.எம்.3 ராக்கெட்டில் நம் ஊர் சோனா கல்லூரியின் ஆய்வு மையம் உருவாக்கிய ஸ்டெப்பர் மோட்டாரும் இருந்தது என்ற செய்தி வந்த பிறகு, அந்த எண்ணிக்கை கூடிவிட்டது. அவர்கள் எழுதிக்கொண்டு வரும் நிறுவனப் பட்டியலில் சம்பளம் இருக்கும், ஊர் இருக்கும், ராக்கெட்டின் உயரம்கூட இருக்கும். அந்த நிறுவனத்தை நடத்துபவர் அதற்கு முன் எங்கே, என்ன வேலை பார்த்தார் என்ற விவரம் மட்டும் இருக்காது. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

ராக்கெட் நிறுவனம் தொடங்கிய நாளுக்கும் அதன் ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டும் நாளுக்கும் இடையே நெடுங்காலம் கழிகிறது. ஆறு ஆண்டுகளில் எட்டியவர்களும் உண்டு, கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அந்த இடைக்காலத்தில் எதை இன்றே சோதிப்பது, எதைத் தள்ளிவைப்பது, உடைந்ததற்கு யாரிடம் விளக்கம் கேட்பது, அடுத்த மாதச் சம்பளத்துக்கு யாரிடம் போவது என்பவற்றையெல்லாம் தலைமையில் இருப்பவர்கள் தம் பழைய வேலையில் பழகிய கையோடுதான் முடிவு செய்கிறார்கள். ஆகவே நான் மூன்று வகை அனுபவங்களைத் தேடுகிறேன்: இன்ஜின் எரிவதையும் வெடிப்பதையும் அருகிலிருந்து கண்டவர், வாடிக்கையாளரிடம் பேசி ஒப்பந்தம் முடிக்கத் தெரிந்தவர், ஒரே பொருளை நூற்றுக்கணக்கில் பிசகாமல் செய்யவைத்தவர். மூவரும் மேசையில் இருக்கிறார்களா, யார் முதலில் வந்தார், யார் காலம் கடந்து வந்தார் என்று பார்த்தால், அந்த நிறுவனம் எங்கே விரைந்தது, எங்கே தேங்கியது என்பது பெருமளவு விளங்கிவிடுகிறது.

முதலில் ஸ்பேஸ்எக்ஸ். 2002ல் அதைத் தொடங்கியபோது எலான் மஸ்க்கிடம் ராக்கெட் அனுபவம் எதுவும் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் பொருளியலும் படித்தவர். இணைய நிறுவனங்களை விற்றுச் சேர்த்த பணத்தோடு வந்தவர். மாணவர்கள் பெரும்பாலும் இவரோடு நின்றுவிடுகிறார்கள். நான் அவர்களை அடுத்த நாற்காலிகளுக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டுகளின் மெர்லின் இன்ஜினை உருவாக்கிய டாம் முல்லர், டி.ஆர்.டபிள்யூ. என்ற அமெரிக்க விண்வெளித் தொழில் நிறுவனத்தில் சுமார் 15 ஆண்டுகள் இன்ஜின் துறையில் இருந்தவர். அலுவலக வேலை போதாமல், ஓய்வு நேரத்தில் நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாகத் திரவ எரிபொருள் இன்ஜினைக் கட்டிக்கொண்டிருந்தவர். க்வின் ஷாட்வெல், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலும் பயன்பாட்டுக் கணிதமும் படித்து, கிரைஸ்லர் கார் நிறுவனத்தில் வேலையைத் தொடங்கி, ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷனில் பத்து ஆண்டுகள் பணியாற்றி, பின்னர் மைக்ரோகாஸ்ம் என்ற சிறிய நிறுவனத்தில் வணிகப் பக்கம் சென்றவர். ஸ்பேஸ்எக்ஸில் அவர் 11ஆவது ஊழியர். சேர்ந்த பதவி வணிக மேம்பாட்டுத் துணைத் தலைவர். அதே மைக்ரோகாஸ்மிலிருந்து வந்த ஜெர்மானியர் ஹான்ஸ் கோனிக்ஸ்மேன் மின்னணுவியலையும், பிற்காலத்தில் பறத்தல் நம்பகத்தன்மையையும் பார்த்துக்கொண்டார்.

ராக்கெட் ஒன்றுகூடப் பறக்காத நிறுவனத்தில் விற்பனைக்கென ஒரு பொறியாளரை முதல் ஆண்டிலேயே அமர்த்தியதை நான் மிக முக்கியமான முடிவாகக் கருதுகிறேன். அவர்களது முதல் ராக்கெட்டான ஃபால்கன்-1 முதல் மூன்று முறையும் தோற்றது. 2006ல் கடற்காற்றில் அரித்துப்போன ஒரு சிறிய அலுமினிய நட்டு எரிபொருள் கசிவுக்குக் காரணமாயிற்று. நம் பட்டறைகளில் வேலை பார்த்த எவருக்கும் அந்த நட்டின் கதை உடனே புரியும். 2008 ஆகஸ்டு 3ஆம் தேதி மூன்றாவது முறை, கீழ் அடுக்கில் மிஞ்சியிருந்த உந்துதல் அதை மேலே தள்ளி இரண்டாம் அடுக்கோடு மோதவைத்தது. காரணத்தைக் கண்டுபிடித்து, அடுக்குகள் பிரிவதற்கான இடைவெளியைச் சில நொடிகள் நீட்டித்து, அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி நான்காவது ராக்கெட்டைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பினார்கள். இடையில் எட்டே வாரங்கள். அதே டிசம்பரில் நாசா 160 கோடி டாலர் சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தத்தை அளித்தது. ஷாட்வெல் நிறுவனத்தின் தலைவரானதும் அந்த ஆண்டில்தான். எட்டு வாரங்களில் திருத்தியது முல்லரையும் கோனிக்ஸ்மேனையும் போன்றவர்களின் பின்னணி என்றால், திருத்தும்வரை கதவை அடைக்காமல் வாடிக்கையாளர்களைக் காத்துவைத்தது ஷாட்வெலின் பின்னணி. பிற்காலத்தில் மனிதரை ஏற்றும் பொறுப்பு வந்தபோது, நாசாவில் மனிதப் பயணப் பிரிவுக்கே தலைமை தாங்கிய பில் கெர்ஸ்டன்மேயரை 2020ல் அழைத்துக்கொண்டார்கள். இளமையில் துணிந்தவர்களையும், பொறுப்பு கூடியபோது நிதானம் கற்றவர்களையும் அந்தந்தக் காலத்தில் சேர்த்துக்கொண்ட இந்த வரிசைதான் அந்த நிறுவனத்தின் பெரிய பலம் என்று நான் நம்புகிறேன்.

இதற்கு நேர் எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது புளூ ஆரிஜின். ஜெஃப் பெசோஸ் பிரின்ஸ்டனில் மின்பொறியியலும் கணினி அறிவியலும் படித்தவர். நிதி நிறுவனத்தில் இருந்து, பின் அமேசானைக் கட்டியவர். நிறுவனம் தொடங்கியது 2000ஆம் ஆண்டு, ஸ்பேஸ்எக்ஸைவிட மூத்தது. 2003 முதல் அதை வளர்த்த ராப் மேயர்சன் நாசாவிலும் கிஸ்ட்லர் ஏரோஸ்பேஸிலும் பணியாற்றிய விண்வெளிப் பொறியாளர். அவர் காலத்தில் நடந்த ஒன்றை மாணவர்களுக்கு மறக்காமல் சொல்வேன்: 2015 நவம்பர் 23ஆம் தேதி நியூ ஷெப்பர்ட் ராக்கெட் விண்வெளியின் விளிம்பைத் தொட்டுத் திரும்பி நேராகத் தரையிறங்கியது, ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-9 தரையிறங்கியது அதற்கு நான்கு வாரங்கள் கழித்து, டிசம்பர் 21ஆம் தேதி. சுற்றுப்பாதைக்குச் செயற்கைக்கோளை அனுப்பிவிட்டுத் திரும்புவது பன்மடங்கு கடினம் என்பது உண்மையே. ஆனாலும் புளூ ஆரிஜினில் திறமையான பொறியாளர்கள் இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது.

அங்கே முதல் பதினைந்து ஆண்டுகளில் இல்லாதது ஷாட்வெல் அமர்ந்திருந்த நாற்காலி. நிறுவனர் தம் சொந்தப் பணத்திலிருந்து தொடர்ந்து செலவிட்டார். வாடிக்கையாளரின் தேதி கழுத்தை நெரிக்கவில்லை. 2017ல் தலைமைச் செயல் அதிகாரியாக வந்த பாப் ஸ்மித், ஹனிவெல் ஏரோஸ்பேஸிலும், அதற்கு முன் விண்வெளி ஓடங்களை இயக்கிய யுனைடெட் ஸ்பேஸ் அலையன்ஸிலும் பணியாற்றியவர். பெரிய நிறுவனங்களின் ஒழுங்கு, ஆவணம், படிப்படியான ஒப்புதல் ஆகியவற்றில் தேர்ந்தவர். மனிதரை ஏற்றும் நியூ ஷெப்பர்டுக்கு அந்த ஒழுங்கு பொருந்தியது. 2021 ஜூலை 20ஆம் தேதி முதன்முறையாக ஆட்களோடு அது பறந்து பத்திரமாகத் திரும்பியது. மறுபுறம், யுனைடெட் லாஞ்ச் அலையன்ஸ் என்ற வேறொரு ராக்கெட் நிறுவனத்துக்கென 2014ல் அறிவிக்கப்பட்ட பி.இ.-4 இன்ஜின்களில் பறக்கத் தகுந்த முதல் இரண்டு 2022 இறுதியில்தான் கைமாறின. ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் முதல் கியரிலேயே ஏறும் பேருந்தை நினைத்துக்கொள்ளலாம்: பயணிகளுக்கு ஆபத்தில்லை, ஆனால் நேரே ஓடும் பாதையிலும் ஓட்டுநர் கியரை மாற்றவில்லை என்றால் பின்னால் வருபவர் முந்திவிடுவார்.

2023 டிசம்பரில் அந்த நாற்காலி டேவ் லிம்புக்குப் போனது. அவர் ராக்கெட் துறையைச் சேர்ந்தவரே அல்லர். அமேசானில் கிண்டில், அலெக்ஸா சாதனங்களைக் கோடிக்கணக்கில் உருவாக்கி விற்ற பிரிவின் தலைவர். நான் மூன்றாவதாகச் சொன்ன அனுபவம் இதுதான். புளூ ஆரிஜினின் பெரிய ராக்கெட்டான நியூ கிளென் 2025 ஜனவரி 16ஆம் தேதி முதல் முயற்சியிலேயே சுற்றுப்பாதையை எட்டியது. நவம்பர் 13ஆம் தேதி இரண்டாவது பயணத்தில் செவ்வாய்க்கான இரு விண்கலங்களை அனுப்பி, கீழ் அடுக்கைக் கடலில் நின்ற கப்பல்மீது இறக்கியது. இதன் பெருமை முழுவதையும் லிம்புக்குச் சூட்டுவது நியாயமாகாது, ஏனெனில் அந்த ராக்கெட்டின் வடிவமைப்பும் பெரும்பகுதிக் கட்டுமானமும் அவருக்கு முன்பிருந்தவர்கள் காலத்தவை. முதல் பயணம் முடிந்த மறுமாதமே ஊழியர்களில் சுமார் பத்து விழுக்காட்டினர் நீக்கப்பட்டதையும் வேலை தேடும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். உற்பத்தியிலிருந்து வரும் தலைவர் வேகத்தைக் கொண்டுவருகிறார். அந்த வேகத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதும் அவரது பின்னணியோடு சேர்ந்தே வருகிறது.

வர்ஜின் குழுமத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வர்ஜின் கேலக்டிக் 2020ல் டிஸ்னி பூங்காக்களை நடத்திய மைக்கேல் கோல்கிளேசியரைத் தலைவராக்கியது. சுற்றுலாதான் தொழில் என்று முடிவு செய்துவிட்ட நிறுவனத்துக்கு அது பொருத்தமான தேர்வே. செயற்கைக்கோள்களை ஏவிய வர்ஜின் ஆர்பிட்டின் தலைவர் டான் ஹார்ட், போயிங்கில் நெடுங்காலம் பணியாற்றியவர். ஆயினும் 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து புறப்பட்ட பயணம் தோற்ற சில மாதங்களிலேயே நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஒருவரது நீண்ட அனுபவம், நிறுவனத்தின் கையிருப்புக்கு ஈடாகாது.

என் மனம் அதிகம் ஒன்றுவது ராக்கெட் லேபின் பீட்டர் பெக்கிடம். துறைச் சுற்றுலாவாக ஏற்காட்டுக்குப் போயிருந்தபோது, ஏரிக்கரையில் ஒரு மாணவர் கேட்டார்: "சார், டிகிரியே இல்லாதவர் ராக்கெட் கம்பெனி நடத்துகிறாரே, எப்படி?" உண்மைதான், நியூசிலாந்தின் இன்வர்கார்கில் என்ற நகரில் பிறந்த பெக் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். ஃபிஷர் அண்ட் பைக்கல் என்ற வீட்டு உபயோகச் சாதன நிறுவனத்தில் டூல் அண்ட் டை (கருவிகளும் அச்சுகளும் செய்யும்) பிரிவில் தொழில் பழகுநராகச் சேர்ந்தவர். அங்கிருந்த இயந்திரங்களில் பழகிய கையோடு, ராக்கெட் பொருத்திய மிதிவண்டியைச் செய்து ஓட்டினார். பிறகு அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றில் கூட்டுப்பொருள்களில் (காம்போசிட்) பணியாற்றி, 2006ல் ராக்கெட் லேபைத் தொடங்கினார்.

அவருடைய எலக்ட்ரான் ராக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் இந்த வாழ்க்கை வரலாறு அப்படியே தெரியும். உடல் முழுவதும் கார்பன் கூட்டுப்பொருள். ரூதர்ஃபோர்டு இன்ஜினின் முக்கியப் பாகங்கள் முப்பரிமாண அச்சில் வார்த்தவை. எரிபொருளைத் தள்ளும் பம்புகளைச் சுழற்றுவது மின்கலத்தில் ஓடும் மோட்டார். சிக்கலான வாயுச் சுழலியை (டர்பைன்) தவிர்த்து, எளிதாகச் செய்யக்கூடியதைத் தேர்ந்தெடுத்த முடிவு அது. செய்துபார்த்த கைக்கே அத்தகைய முடிவு துணிவாக வரும். 2017 மே மாத முதல் பயணத்தில் ராக்கெட் நன்றாகவே பறந்தது. தரைக் கருவி ஒன்றின் அமைப்புப் பிழையால் தகவல் வராமல் போக, பாதுகாப்புக்காகப் பயணத்தை நிறுத்தினார்கள். 2018 ஜனவரியில் இரண்டாவது ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டியது. பெக் தொடக்கம் முதலே நெருப்பையும் உற்பத்தியையும் ஒருசேரக் கண்டவர். விற்பனையைப் பின்னாளில் கற்றுக்கொண்டார். 2024ல் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. சிட்கோ தொழிற்பேட்டையில் டை செய்து பழகும் ஐ.டி.ஐ. இளைஞரிடம் பெக்கின் கதையைச் சொல்லும்போது, அது தொலைதூரத்துக் கதையாக அவருக்குத் தோன்றுவதில்லை.

இனி நம் நாட்டு இரு போட்டியாளர்கள். ஹைதராபாத்தின் ஸ்கைரூட் 2018ல் தொடங்கியது. நிறுவனர்கள் பவன் குமார் சந்தனாவும் நாக பரத் டாக்காவும் ஐ.ஐ.டி.யில் படித்துத் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் பணியாற்றியவர்கள்; ஒருவர் ராக்கெட் கட்டமைப்புப் பக்கம், மற்றவர் பறத்தல் மின்னணுவியல் பக்கம். இஸ்ரோவின் கையெழுத்து அவர்களது வேலையில் தெரிகிறது. 2022 நவம்பர் 18ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த விக்ரம்-எஸ், இஸ்ரோவுக்கு நெடுநாள் பழகிய திட எரிபொருளில் இயங்கி, 89.5 கிலோமீட்டர் உயரத்தை முதல் முயற்சியிலேயே தொட்டது.

சென்னையின் அக்னிகுல் வேறு வழியில் வந்தது. ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்னியல் படித்து, அமெரிக்காவில் நிதித்துறையில் வேலை பார்த்து, பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியல் படித்தவர். உடன் நிறுவிய மொயின் எஸ்.பி.எம். செயல்பாடுகளைக் கவனிப்பவர். இவர்களுக்கு அருகே, சென்னை ஐ.ஐ.டி.யில் எரிதல் ஆராய்ச்சி மையத்துக்குத் தலைமை தாங்கும் பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தி. பணம் திரட்டத் தெரிந்தவரும் தீயை அறிந்த ஆசானும் முதல் நாளிலிருந்தே ஒரே மேசையில் இருந்ததால், ஒரே துண்டாக அச்சிட்ட இன்ஜின் என்ற, வேறெவரும் பறக்கவிடாத ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு முறை தள்ளிப்போட்டு, 2024 மே 30ஆம் தேதி அது பறந்தது. அந்த நான்கு ஒத்திவைப்புகளையும் நான் குறையாகக் காணவில்லை. திரவ இன்ஜினில் ஐயம் எழுந்தால் நிறுத்த முடிந்ததே நல்ல தலைமைக்கு அடையாளம்.

இரண்டில் எது என்று கேட்டால், முறையான வடிவமைப்புப் பயிற்சி வேண்டுவோருக்கு ஸ்கைரூட்டையும், புதிய உற்பத்தி முறையில் கையை நனைக்க விரும்புவோருக்கு அக்னிகுலையும் சொல்கிறேன். என் சொந்தச் சாய்வு பின்னதன் பக்கம்தான். இரண்டின் நிறுவனர் நாற்காலிகளிலும் இல்லாதவர், லிம்பைப் போலத் தொழிற்சாலை வரிசையிலிருந்து வந்த ஒருவர். தனியார் விண்வெளி நிறுவனங்களுக்கு அனுமதி வழங்கும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் தலைவராக 2021ல் மஹிந்திராவை நடத்திய பவன் கோயங்காவை அரசு நியமித்தபோது, கார் துறையிலிருந்தா என்று பலர் வியந்தார்கள். எனக்கு அது சரியான தேர்வாகவே பட்டது.

இந்த ஆண்டு ஆலோசனை கேட்டு வந்த மாணவி ஒருத்தியிடம், விண்ணப்பங்களை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை நம் ஊர் டூல் ரூம் ஒன்றில் ஆறு மாதம் வேலை பார்க்கச் சொன்னேன். இப்போது அவர் காலை எட்டு மணிக்கு சி.என்.சி. இயந்திரத்தின் முன் நிற்கிறார். மைக்ரோமீட்டரோடு ஒரு நோட்டும் வைத்திருக்கிறார், அதில் கழிவான ஒவ்வொரு பாகத்துக்கும் காரணத்தை எழுதி வருகிறார்.