வருத்தம் இல்லாதவர்களுக்கு ஒரு கிளினிக்

அம்மாவுக்கு 58 வயது. இன்னும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறார். காய்ச்சல் என்றால் தோட்ட டிஸ்பென்சரி, தாங்க முடியாவிட்டால் ஆஸ்பத்திரி. நன்றாக இருக்கும்போது டொக்டரைப் பார்க்கும் பழக்கம் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாருக்கும் இல்லை. சித்திக்கும் இருக்கவில்லை. போன வருஷம் மலையில் கூடையோடு விழுந்தார், ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அவருக்குப் பிரஷர் இருந்ததே அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் ஹட்டன் பக்கம் ஓர் அரசாங்க வைத்தியசாலையில், வருத்தம் (நோய்) முற்றும் முன்பே பரிசோதித்துப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். 2011 முதல் இலங்கை முழுக்க இப்படி நிலையங்கள் திறந்தார்கள். 35 வயது தாண்டியவர்கள் போகலாம், காசு இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போக வேண்டும்.

நிறை, உயரம், இடுப்பளவு, இரத்தத்தில் சீனி எல்லாம் பார்த்தார்கள். பிரஷர் 170க்கு 100. அம்மா நம்பவில்லை. "எனக்குத் தலைவலிகூட இல்லையே மிஸ்" என்றார். தாதி ஒரு கலர் அட்டையை எடுத்து, வயது, பிரஷர், புகைத்தல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விரலை நகர்த்தினார். பச்சையைத் தாண்டி மஞ்சள் கட்டத்தில் விரல் நின்றது. அடுத்த பத்து வருஷத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ (பக்கவாதம்) வரும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் அட்டை அது. அப்புறம் ஒரு கரண்டியையும் சீனிப் போத்தலையும் கொடுத்து, "வீட்டில் தேத்தண்ணிக்குப் போடுகிற மாதிரி அள்ளுங்க அம்மா" என்றார். அம்மா குவியலாக இரண்டு கரண்டி அள்ளினார். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை. தாதி திட்டவில்லை, அதைக் கோப்பையில் கொட்டிக் காட்டினார், அவ்வளவுதான். அந்தப் பொறுமைக்காகவே இந்த இடத்தைச் சொல்லத் தோன்றியது.

குறை இரண்டு. வாரத்தில் ஒரு நாள் காலையில் மட்டும்தான் நடக்கிறது. போனால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போய்விடும். நாங்கள் போன அன்று 17 பேரில் ஆண்கள் இரண்டே பேர். அடுத்தது, கொப்பியில் எழுதித் தந்ததெல்லாம் சிங்களத்தில். அம்மாவால் வாசிக்க முடியாது, நான்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைத்தாய்ச்சிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்க மிட்வைஃப் லயத்துக்கே வருகிறார். வராத பிள்ளையைத் தேடிப் பிடித்து நிறுக்கிறார். நம் நாட்டில் தாயும் பிள்ளையும் தப்பிப் பிழைப்பதற்குப் பெரிய டொக்டர்களைவிட இந்த நடைதான் காரணம் என்று நான் நம்புகிறேன். இப்போது நூற்றுக்கு 80க்கு மேற்பட்ட சாவுகள் மாரடைப்பு, பாரிசவாதம் மாதிரியான தொற்றாத நோய்களால்தான். அப்படியானால் பிரஷர் மெஷினும் அதே மாதிரி லயம் ஏறி வரவேண்டாமா? மாதத்தில் ஒரு தடவை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் வைத்துப் பார்த்தால்கூடப் போதும்.

மூன்று மாதம் மாத்திரை போட்டு, சீனியையும் குறைத்த பிறகு அம்மாவுக்கு 138க்கு 86. வருகிற புதன்கிழமை பக்கத்துக் காம்பரா (லயத்து வீடு) அக்காவையும் அவர் புருஷனையும் கூட்டிப் போகிறோம். அந்த அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். காலையிலேயே போய்க் கதவைத் தட்டுவேன்.