ராமேஸ்வரத்துல ரூம் எங்க போடலாம்: கோயில் பக்கமா, பாம்பனா, மண்டபமா, அரியமானா?

மதுரைல லீவு விட்டவுடனே கடலுக்குப் போவோம்னு வீட்ல பேச்சு ஆரம்பிச்சா முக்கால்வாசி வீட்ல அது ராமேஸ்வரத்துலதான் போய் நிக்கும். விரகனூர் ரவுண்டானாவ தாண்டிட்டா மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம்னு ஒரே ரோடு, 170 கிலோமீட்டர் சொச்சம், கார்ல மூணு மூணரை மணி நேரத்துல போயிறலாம். போறதெல்லாம் சட்டுனு முடிவாயிரும், ஆனா எங்க தங்கணுங்கறத மட்டும் முந்துன நாள் ராத்திரி போன்ல ரேட்ட பாத்து எது கம்மியோ அதப் போட்டுட்டுப் போறாங்க, அங்கதான் நெறைய பேருக்கு டூரே கெட்டுப்போகுது. ராமேஸ்வரம் ஒரு தீவு, அதுல கோயில் பக்கம் தங்குறவங்களுக்குக் கெடைக்கிற கடல் வேற, பாம்பன்ல கெடைக்கிறது வேற, பாலத்துக்கு இந்தப் பக்கம் அரியமான்ல கெடைக்கிறது இன்னும் வேற. லாட்ஜ் எதுன்னு பாக்குறதுக்கு முன்னாடி ஏரியா எதுன்னு முடிவு பண்ணுங்க.

முக்கியமா ஒண்ணு சொல்லணும், இத யாரும் ரூம் போடும்போது யோசிக்கிறதே இல்ல. தீவுக்கு வடக்கால இருக்குறது பாக் ஜலசந்தி, தெக்கால இருக்குறது மன்னார் வளைகுடா. அந்த ஊர்க்காரங்க வடக்க பெண்கடல்னும் தெக்க ஆண்கடல்னும் சொல்லுவாங்க, ஒண்ணு அமைதி இன்னொண்ணு அலை. ஆனா வருஷம் பூரா அப்படியே இருக்காது, காத்து எங்கிட்டு இருந்து அடிக்குதோ அதப் பொறுத்து மாறும். மே மாசத்துல இருந்து ஆவணி புரட்டாசி வரைக்கும் தென்மேற்குக் காத்து, அப்ப தெக்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் நம்ம வண்டியூர் தெப்பக்குளம் மாதிரி அசையாம கெடக்கும். ஐப்பசிக்கு மேல வாடைக்காத்து ஆரம்பிச்சுட்டா அப்படியே உல்டா, வடக்குப் பக்கம் கலங்கிப்போயி பாசியெல்லாம் கரையில ஒதுங்கும், தெக்குப் பக்கம் அடங்கிரும். அதனால முழுப்பரீட்சை லீவுல புள்ளைகளோட போறீங்கன்னா வடக்குக் கரை, அரைப்பரீட்சை லீவுல போறீங்கன்னா தெக்குக் கரை, இத மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தப் படிங்க.

மொதல்ல கோயில் பக்கம், அதாவது அக்னி தீர்த்தம், சன்னதி தெரு, ரத வீதிகள் சுத்துன ஏரியா. வீட்ல பெரியவங்க இருந்து, சாமி கும்பிடறதுதான் முக்கியம்னா வேற யோசனையே வேண்டாம், இங்கதான் ரூம் போடணும். மொதல்ல அக்னி தீர்த்தத்துல கடல்ல முங்கணும், அப்பறம் கோயிலுக்குள்ள 22 தீர்த்தத்துலயும் வரிசையா நின்னு வாளித்தண்ணிய தலைல வாங்கணும், வாங்கி முடிச்சு வெளிய வரும்போது சேலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு ஒரு கனம் கனக்கும், ஈரத்துணியோட சாமி சன்னதிக்குள்ள விடமாட்டாங்க, மாத்திட்டுத்தான் போகணும். உடை மாத்த எடம் இருக்கு, ஆனா கூட்டத்துல எங்க அப்பத்தா மாதிரி ஆளுங்க ஈரச்சேலையோட கல்தரையில வழுக்காம நடந்து போயி வரிசைல நின்னு மாத்துறது லேசான காரியமா? ரூம் நாலு எட்டுல இருந்தா போயி மாத்திட்டு, ஒரு காப்பி குடிச்சிட்டு, பைய வந்து சாமி பாக்கலாம். விடியக்காலை 5 மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்கும் இதான் வசதி. செல்போன் உள்ள கொண்டுபோகக் கூடாது, அதையும் ரூம்லயே வச்சிட்டுப் போயிறலாம். மதியம் நடை சாத்துனா வந்து படுத்துக்கலாம்.

ஆனா கடலுக்காகப் போறவங்களுக்கு இந்த ஏரியா சரிப்படாது. அக்னி தீர்த்தத்துல அலையே இருக்காது, ஆழமும் இல்ல, முங்க நல்லாருக்கும், ஆனா திதி குடுக்க வந்தவங்க விட்டுட்டுப் போன துணியெல்லாம் கால்ல சுத்தும், புள்ளைகள அதுல விளையாட விட மனசு வராது. கோயில சுத்தி சைவ ஓட்டல்தான், மீன் சாப்பிடணும்னா பஸ் ஸ்டாண்டு பக்கம் வரணும், அது ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். தெருவெல்லாம் குறுகல், காரை நிறுத்த அல்லாடணும். கோயில்ல இருந்து கொஞ்சம் வடக்க தள்ளி சங்குமால், ஓலைக்குடா பக்கம் போட்டா கோயிலும் கிட்ட, கடலும் சுமாரா சுத்தமா இருக்கும், ஆனா ரூம் கம்மி.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வந்தா ஊரே வேற. சொந்த வண்டில போறவங்களுக்கு என் ஓட்டு இங்கதான். கோயில் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர், காலைல வண்டிய எடுத்தா கால் மணி நேரத்துல போயிறலாம். வடக்குக் கரை தெக்குக் கரை ரெண்டுமே பக்கத்துல இருக்குறதால எந்த சீசன்ல போனாலும் எதாவது ஒரு பக்கம் கடல் நல்லாருக்கும், இந்த வசதி தீவுல வேற எங்கயும் இவ்வளவு சுளுவா கெடைக்காது. பாம்பனுக்குத் தெக்க குந்துகால் போங்க, 1897ல விவேகானந்தர் வந்து எறங்குன எடம், மண்டபம் கட்டிருக்காங்க. சாயங்காலம் பாலத்துக்கு வந்தீங்கன்னா 1914ல கட்டுன பழைய ரயில் பாலத்துக்குப் பதிலா 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலம், கப்பல் வந்தா நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்கு அந்தத் துண்டு மட்டும் அப்படியே நேரா மேல தூக்கும், ரெண்டு பக்கமும் உள்ள கோபுரத்துல கம்பி வடம் இழுக்க மட்டமா சாயாம ஏறும். அத எப்பயும் பாத்துர முடியாது, ஆனா ரயில் போறத கண்டிப்பா பாக்கலாம்.

சாப்பாட்டுக்கும் பாம்பன்தான். விளமீன், நகரை, ஊளி, கணவான்னு காலைல எறங்குனது மத்தியானம் கொழம்புல இருக்கும். ஒரு விஷயம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது, தடைக்காலம், அப்ப நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், வெல கூட இருக்கும், அதுக்குத் தயாரா போங்க. கொறைன்னு பாத்தா ராத்திரி எட்டு மணிக்கு மேல ஊர் அடங்கிரும், பஸ்ல போறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் கோயிலுக்குப் போயி வர்றது அலைச்சல்.

மண்டபத்த பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. பாலத்துக்கு இந்தப் பக்கம், தங்கலாம், ஆனா தங்குற அளவுக்குக் கடற்கரை சுகம் கெடையாது. ராத்திரி லேட்டா வந்து சேர்றவங்க ஒரு ராத்திரி படுத்து எந்திரிக்க சரி.

அரியமான் அப்படி இல்ல. உச்சிப்புளிகிட்ட திரும்பணும், ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவுல, வடக்குக் கரை. நீளமா மணல், கரை ஓரமா சவுக்கு மரம், கொஞ்ச தூரம் உள்ள நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணி. சின்னப் புள்ளைகள வச்சிருக்குறவங்க கோயில அடுத்த தடவைக்கு வச்சுக்குவோம்னு மனசு தேத்திட்டு மே மாசத்துல இங்க ரெண்டு நாள் போட்டா அந்தப் புள்ளைக கடல விட்டு வராது. ஆனா பக்கத்துல கடைகண்ணி கம்மி, பால், மாத்திரை, கொசுவத்தி எல்லாம் ராமநாதபுரத்துலயே வாங்கிருங்க. வாடைக்காத்து சமயத்துல இங்க ரூம் போடவே போடாதீங்க.

தனுஷ்கோடில தங்கலாமான்னு நெறைய பேரு கேக்குறாங்க. 1964 புயல்ல அழிஞ்ச ஊர், அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டாச்சு, ஆனா பொழுது சாயறதுக்குள்ள எல்லாரையும் வெளிய அனுப்பிருவாங்க. போற வழில சில ரிசார்ட் இருக்கு, தனியா அமைதியா இருக்கணும்னு நெனைக்கிற ஜோடிக்கு சரி. கோயில், சாப்பாடு எல்லாத்துக்கும் வண்டி வேணும். அரிச்சல்முனைல மட்டும் தயவுசெஞ்சு கடல்ல எறங்காதீங்க, ரெண்டு கடலும் சேர்ற எடம், இழுப்பு பயங்கரமா இருக்கும், புள்ளைக கைய விடவே விடாதீங்க.

மாட்டுத்தாவணில பஸ் ஏறுறவங்களும் ரயில்ல போறவங்களும் கோயில் பக்கமே போட்டுக்கங்க. கார்ல ரெண்டு ராத்திரி போறவங்க, பெரியவங்களும் புள்ளைகளும் கலந்து இருந்தா, மொத ராத்திரி கோயில் பக்கம் தங்கி விடியக்காலைல தீர்த்தம், தரிசனம் எல்லாத்தையும் முடிச்சிட்டு, ரெண்டாவது ராத்திரிக்கு பாம்பன் வந்துருங்க. ரூம் மாத்துறது சள்ளைதான், ஆனா ரெண்டு தரப்புக்கும் சண்டை வராது. ஆடி, தை, மகாளய அமாவாசை பக்கம் போகவே போகாதீங்க, கோயில் பக்கம் ரூமும் கெடைக்காது, கெடைச்சா வாடகையும் கட்டுப்படி ஆகாது. ரூம் போடும்போது போன்ல மறக்காம கேளுங்க: லிஃப்ட் இருக்கா, காரை வாசல்லயே விடலாமா, பாத்ரூம்ல நல்ல தண்ணியா உப்புத் தண்ணியா. உப்புத் தண்ணின்னா கடல்ல குளிச்சிட்டு வந்து தலைக்கு ஊத்துனா சோப்பு நுரையே வராது, ரெண்டு கேன் தண்ணி தனியா சொல்லி வச்சிருங்க.