கணக்கைப் படம் பிடித்தால் விடை சொல்லும் செயலி: 14 மாதப் பாவனைக்குப் பிறகு

ஒட்டுசுட்டானில் இருக்கும் சிநேகிதி போன வாரம் தொலைபேசியில் கேட்டாள்: "உன்ர மகள் வட்டக் கணக்குக்கு ஏதோ செயலி பாவிக்கிறாளாம். என்ர பிள்ளைக்கும் காசு கட்டி எடுத்துக் குடுக்கட்டோ?" இரண்டு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் மல்லாவியில் இருக்கிறோம். மகள் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறாள். கிளிநொச்சிக்கு ரியூசனுக்கு விட்டால் திரும்பி வர இருட்டிவிடும், யானைப் பயம் வேறு. அதனால்தான் மாதக் காசு கட்டி இதை எடுத்தோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு பத்தரைக்கு ஒரு படி விளங்காவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது. ஐந்து தரம் கேட்டாலும் முகம் சுளிக்காது. பகுதிப் பின்னம், ஒருங்கமை சமன்பாடு போன்றவற்றில் அது செய்து காட்டும் ஒழுங்கைப் பார்த்து மகளின் கொப்பியே சுத்தமாகிவிட்டது. அதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

என் கோபம் முழுக்க வட்டத்தில்தான்.

ஒரு நாள் கணக்கு இது. எக்ஸ் வர்க்கம் சக வை வர்க்கம் சய 6எக்ஸ் சக 4வை சய 12 சமன் பூச்சியம் (சக என்றால் கூட்டல் குறி, சய என்றால் கழித்தல் குறி). (8, 1) என்ற புள்ளியிலிருந்து இந்த வட்டத்துக்கு வரையும் தொடலியின், அதாவது வட்டத்தை ஒரே புள்ளியில் தொடும் கோட்டின், நீளம் என்ன? புத்தகத்தில் விடை 3. செயலி சொன்னது 105இன் வர்க்கமூலம். "அம்மா, புத்தகம் பிழையா, நான் பிழையா?" என்று பிள்ளை கண் கலங்கி வந்து நிற்கிறாள். இருவருமே பிழையில்லை. சதுரக்கோட்டுக் கொப்பியில் 6எக்ஸுக்கு முன்னால் போட்ட சய, கோட்டின் மேலேயே விழுந்திருக்கிறது. கமராவுக்கு அது கோடாகத்தான் தெரிந்தது. சய 6 சக 6 ஆனது, மையம் (3, −2) இல் இருந்து (−3, −2) க்குப் போய்விட்டது. அதன் பிறகு ஒவ்வொரு படியும் சரி. இப்படிப் பிழைத்த விடைக்கு அவ்வளவு அழகான விளக்கம் வருவதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு கலண்டர் தாளின் வெறும் பின்பக்கத்தில் எழுதித்தான் படம் பிடிக்கிறோம்.

மற்றது, அது செய்கிற வழி. எந்த வட்டத்தைக் கொடுத்தாலும் நிறைவர்க்கமாக்கி, மையம் எடுத்து, இந்தக் கணக்கில் என்றால் ஆரை 5 என்று எடுத்து, மையத்திலிருந்து புள்ளிக்குத் தூரம் 34இன் வர்க்கமூலம் என்று கண்டு, பிறகு பைதகரஸ். எட்டு ஒன்பது வரி. பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பாடத்திட்டத்தில் எக்ஸுக்கும் வைக்கும் முன்னால் வரும் எண்களை 2ஜீ, 2எஃப் என்று எழுதும் வடிவம்தானே பழக்கம். தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் நான் படித்தபோது ரீச்சர் சொல்லித் தந்தது ஒரே வரி: புள்ளியைச் சமன்பாட்டில் பிரதியிட்டுக் குறியைப் பார். 64 + 1 − 48 + 4 − 12 = 9. நேர் என்றால் புள்ளி வெளியே, பூச்சியம் என்றால் வட்டத்தின் மேலே, மறை என்றால் உள்ளே. வெளியே என்றால் அந்த 9இன் வர்க்கமூலம்தான் தொடலியின் நீளம், 3. முடிந்தது. முதலாம் வினாத்தாளில் 16ஆவது வினா பெரும்பாலும் நேர்கோடும் வட்டமும்தான். மூன்று மணித்தியாலத்தில் பகுதி அ இன் பத்தையும் பகுதி ஆ இல் ஐந்தையும் முடிக்க வேண்டிய பிள்ளைக்கு ஒன்பது வரி எவ்வளவு நட்டம்! பதினான்கு மாதத்தில் ஒரு தடவைகூட அந்த ஒரு வரியை அது காட்டவில்லை.

எதிர்பாராமல் கைகொடுத்தது ஜியோஜீப்ரா, கணித உருவங்களைத் திரையில் வரைந்து அசைத்துப் பார்க்கும் இன்னொரு செயலி. 2001இல் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்ற ஒஸ்ரியாக்காரர் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. காசு இல்லை. ஒரு முறை இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலே ஓடும், மழைக்குச் சிக்னல் போனாலும் நிற்காது. அதே வட்டத்தைத் தட்டச்சு செய்து, (8, 1) இல் புள்ளி வைத்து, இரண்டு தொடலிகளும் வரைந்து காட்டினேன். மகள் புள்ளியை விரலால் மெல்ல இழுத்தாள். வட்டத்தை நெருங்க நெருங்கத் தொடலி குறுகியது. வட்டத்தைத் தொட்டு உள்ளே போனதும் இரண்டு தொடலிகளும் காணாமல் போயின. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "வர்க்கமூலத்துக்குள்ள மறை வந்திட்டுது, என்ன அம்மா?" என்றாள். நான் வாய் திறக்கவே இல்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோசம்.

சரி, சிநேகிதிக்குப் பதில். மற்றப் பாடப்பரப்புகளுக்கு அந்தச் செயலியைப் போல் உதவி இந்தப் பக்கத்தில் கிடைப்பது கஷ்டம், உண்மை. இருந்தாலும் காசு கட்டாதே. நான் இந்த மாதம் கட்டவில்லை. நேற்று மகள் கணக்கை எழுதி முடித்துவிட்டு, படம் பிடிக்காமல், நீல மையால் எழுதிய ஒவ்வொரு சயவையும் சிவப்புப் பேனையால் தடிப்பாக்கிக்கொண்டிருந்தாள்.