"வேலையோடு 18 மாதத்தில் கலாநிதி": காசு கட்ட முன் இதை வாசியுங்கள்

கிழக்கிலங்கையில் களுவாஞ்சிக்குடி தொடக்கம் அக்கரைப்பற்று வரை அதிபர்மார், ஆசிரிய ஆலோசகர்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே வகை விளம்பரம் சுற்றுகிறது. லீவு வேண்டாம், சனி ஞாயிறு சூம் வகுப்பு, 18 மாதத்தில் வெளிநாட்டுக் கலாநிதிப் பட்டம். இதில் காசு போனவர்களின் கடிதங்களையும் பற்றுச்சீட்டுகளையும் அடுக்கி வைத்தால், ஏமாற்று ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடந்திருக்கிறது.

முதலில் ஒரு அழைப்பு. "சேர், உங்கட இருபது வருஷ சேவையே ஆராய்ச்சிதானே, அதுக்குக் கிரெடிட் போட்டு நேரா இரண்டாம் வருஷத்தில சேர்க்கலாம்." நாற்பது தாண்டியவரை விழுத்துவது இந்த ஒரு வசனம்தான். இரண்டு நாளில் மின்னஞ்சலில் அனுமதிக் கடிதம் வந்துவிடும். ஆராய்ச்சி முன்மொழிவு கேட்டிருக்கமாட்டார்கள், மேற்பார்வையாளரின் பெயரும் கடிதத்தில் இருக்காது. இந்த இரண்டும் இல்லாமல் வரும் கடிதத்தைச் சந்தேகியுங்கள்.

பற்றுச்சீட்டை இன்னும் கிட்ட வைத்துப் பாருங்கள். மேலே பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை, ஊரிலுள்ள முகவரின் பெயர். விபரத்தில் "பாடநெறிக் கட்டணம்" இல்லை, "ஆலோசனைச் சேவைக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது". பிறகு பொலிசுக்குப் போனாலும் "ஆலோசனை கொடுத்தோம்தானே" என்று நழுவ அந்தச் சொல் போதும். முதல் தவணைக்குப் பிறகு ஆய்வேட்டுக்கு ஒன்று, சஞ்சிகைப் பிரசுரத்துக்கு ஒன்று, பட்டமளிப்பு அங்கிக்கு ஒன்று என்று புதுப்புதுக் கட்டணங்கள் முளைக்கும். கட்டியதை விட மனமில்லாமல் ஆட்கள் மேலும் கட்டுவார்கள்.

குட்டு வெளிப்படுவது பதவியுயர்வு விண்ணப்பத்தில். பட்டத்துக்கு அங்கீகாரக் கடிதம் கொண்டுவரச் சொன்னதும் முகவரின் தொலைபேசி ஓய்ந்துவிடும்.

சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களில் மயங்க வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழான பதிவு ஒரு கம்பனி இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு தொழிற்பயிற்சிக்கானது. தேசிய தொழிற்தகைமையின் உச்ச மட்டமான 7 இளமாணிக்குச் சமம், கலாநிதிக்கு அல்ல. ஐஎஸ்ஓ 9001 நிர்வாக நடைமுறைக்குக் கொடுப்பது. வெளிநாட்டில் காட்டும் ஆவணங்களுக்குப் போடும் அப்போஸ்டில் என்ற சான்று, ஆவணத்திலுள்ள கையொப்பத்தையும் முத்திரையையும் உறுதிப்படுத்தும். உள்ளே எழுதியிருக்கும் பட்டம் உண்மையா என்று அது பார்ப்பதில்லை. முகவர்கள் அதிகம் தூக்கிக் காட்டுவதும் இந்த அப்போஸ்டிலைத்தான்.

கணக்கும் இடிக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் கலாநிதி 12ஆம் மட்டம், அதாவது உச்சம். குறைந்தது 3 வருட முழுநேர ஆராய்ச்சி, அல்லது அதற்குச் சமமான காலம் வேண்டும். வேலையோடு செய்பவருக்கு இது நீளுமே தவிர 18 மாதமாகச் சுருங்காது.

தமிழ்நாட்டுப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது 3 வருடம். பகுதிநேரப் பதிவு உண்டு, ஆனால் தொழில் வழங்குநரின் தடையில்லாச் சான்று வேண்டும். தொலைக்கல்வியிலும் ஒன்லைனிலும் பிஎச்டி செல்லாது. வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து விற்கும் ஒன்லைன் பிஎச்டிக்கு எதிராக 2022 ஒக்டோபரில் பகிரங்க அறிவித்தலே விட்டார்கள். கௌரவ கலாநிதி வேறு கதை: விருது விழாவில் வாங்கியதைக் கோயில் அழைப்பிதழில் போடலாம், சம்பளப் படிவத்தில் போட முடியாது.

ஆகவே காசு கட்ட முன், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர், நாடு, பட்டத்தின் பெயர், கற்கும் முறை நான்கையும் எழுதி, கொழும்பு 7, வார்ட் பிளேசிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் இந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு நிறுவனம். பல்கலைக்கழகம் உண்மையானதாக இருந்து, முகவருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லாமலும் இருக்கும். அதனால் அனுமதிக் கடிதத்தின் இலக்கத்தைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு நேரே அனுப்பி உறுதிப்படுத்துங்கள். மின்னஞ்சல் முகவரியை அவர்களின் இணையத்தளத்திலிருந்து எடுங்கள், முகவர் தந்த முகவரி உதவாது.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே முதலில் தேட வேண்டியது உங்கள் தலைப்பில் வேலை செய்யும் மேற்பார்வையாளரை, விண்ணப்பப்படிவம் பிறகு. சொந்த அலுவலகத் தரவை வைத்து ஆராயப் போகிறீர்கள் என்றால் திணைக்கள அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வையுங்கள். இரண்டாம் வருடத்தில் புதிய பணிப்பாளர் வந்து மறுத்தால் முழு ஆய்வும் நின்றுவிடும்.

ஏற்கெனவே கட்டியவர்கள் அடுத்த தவணையை நிறுத்துங்கள். வங்கி வைப்புத் துண்டு, பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, குரல் பதிவு எல்லாவற்றையும் திகதிவாரியாக அடுக்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கான முறைப்பாடு எழுத்தில், சேவை பெற்று 3 மாதத்துக்குள் போக வேண்டும். "இன்னும் கொஞ்சம் பொறுங்கோ, பட்டமளிப்பு அடுத்த மாசம்" என்று முகவர் இழுத்தடிப்பது பெரும்பாலும் இந்த மூன்று மாதத்தைத் தாண்ட வைக்கத்தான். பொலிசில் மோசடி முறைப்பாடும் கொடுக்கலாம். அங்கே போகும்போது அந்தப் பற்றுச்சீட்டோடு, "கலாநிதிப் பட்டம்" என்று வாக்குறுதி எழுதியிருக்கும் விளம்பரத்தையும் சேர்த்தே கொடுங்கள்.